பிள்ளைகளின் பள்ளி ஷூ: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய பத்து நாள்களில் ஷூ கடைகளில் எழும் சந்தேகங்கள் வருடா வருடம் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறோம். எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. நடை பழகும் குழந்தைகளுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. பின்னால் வரும் பல பதில்களுக்கு முதல் பதிலில் உள்ள அட்டைப் பட்டை தேவைப்படும். அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கால் அளவை வீட்லயே எப்படி எடுக்கிறது? கடைக்காரர் பார்த்தாலே சொல்லிடுவாரே?

கடைக்காரர் கண்ணளவில் ஒரு நம்பரை எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு கம்பெனியின் 11 இன்னொரு கம்பெனியின் 11 அல்ல. அதனால் கையில் மில்லிமீட்டர் கணக்கோடு போவது நல்லது. மாலையில் அளங்கள், நாள் முழுக்க ஓடியாடிய பிறகு பாதம் சற்று உப்பியிருக்கும். பள்ளிக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுவிடுங்கள். சுவரோடு ஒட்டி ஒரு காகிதத்தைத் தரையில் விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி பிள்ளையை நேராக நிற்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் அளவு குறைவாக வரும், ஏனென்றால் உடல் எடை இறங்கும்போதுதான் பாதம் முழுதாக நீண்டு விரியும்.

பென்சிலைச் சாய்க்காமல் நேர்க்குத்தாகப் பிடித்து, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சில பிள்ளைகளுக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காலண்டர் அட்டை ஒன்றில், விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். அதன் நீளம், அளந்த அளவோடு 12 மில்லிமீட்டர் சேர்த்து இருக்க வேண்டும். பாதம் 174 மி.மீ. என்றால் பட்டை 186 மி.மீ. கடையில் அதை ஷூவுக்குள் குதிகால் முனையிலிருந்து தட்டையாகப் படுக்க வையுங்கள். மடங்காமல் படுத்தால் நீளம் போதும். மடங்கினால் அந்த ஷூ சிறியது, மேலே எந்த நம்பர் போட்டிருந்தாலும் சரி.

அந்த 12 மில்லிமீட்டர் வளர்ச்சிக்குத்தானே?

பாதி மட்டுமே வளர்ச்சிக்கு. மீதி நடைக்கு. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பாதம் நீண்டு, ஷூவுக்குள் சிறிது முன்னால் தள்ளப்படுகிறது. முன்னால் இடமில்லாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் விரல் போய் முட்டும். ஆகவே முன்னால் மிச்சமிருக்கும் இடம் சுமார் 6 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால், ஷூ பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதன் காலம் முடிந்தது.

மூன்று வயதுக்குள் பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. வளரும். பிறகு ஆறேழு வயது வரை மாதம் ஒரு மி.மீ. அளவில். அதற்கப்புறம் வேகம் குறையும், பருவ வயதில் மறுபடி ஒரு பாய்ச்சல் இருக்கும். ஜூனில் சரியாக வாங்கிய ஷூ, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலாண்டு விடுமுறை வரை நன்றாக இருக்கும். அரையாண்டு விடுமுறையில் மாற்ற வேண்டி வரலாம். அந்த இரண்டு விடுமுறையிலும் காலை மறுபடி அளங்கள். கோடுகளைப் பழைய காகிதத்திலேயே தேதியோடு போட்டு வந்தால், உங்கள் பிள்ளையின் வளர்ச்சி வேகம் தெரிந்துவிடும்.

வளர்ற பிள்ளை. ரெண்டு சைஸ் பெரிசா வாங்கினா ரெண்டு வருஷம் ஓடுமே, என்ன தப்பு?

இந்தப் பக்கத்தை எழுதியதற்கே இந்தக் கேள்விதான் காரணம். நம் கடைகளில் புழங்கும் யுகே அளவில் ஒரு நம்பர் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. இரண்டு நம்பர் கூட்டினால் 17 மி.மீ. ஏற்கெனவே தேவையான 12-ஐயும் சேர்த்தால் விரலுக்கு முன்னால் கிட்டத்தட்ட 3 செ.மீ. காலியிடம். ஷூ ஒரு குறிப்பிட்ட இடத்தில் வளையும்படி செய்யப்பட்டது. பாதம் விரல்களின் அடிமூட்டில் வளைகிறது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தால்தான் நடை இயல்பாக வரும். பெரிய ஷூவில் இவை விலகிவிடுகின்றன. ஷூ கழன்றுவிடாமல் இருக்கப் பிள்ளை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கும். குதிகால் ஏறி இறங்கி உரசும். மாடிப்படியில் முனை இடறும்.

காசுக் கணக்கிலும் இது லாபமில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கால் 17 மி.மீ. வளர ஒன்றரை வருடமாவது ஆகும். வாரத்துக்கு ஐந்தாறு நாள் போடும் சாதாரணப் பள்ளி ஷூ அதுவரை நிற்காது. அதிலும் பெரிய ஷூ தவறான இடத்தில் மடிவதால், மேல்தோல் அங்கே வெடித்து, சோல் முனையில் வாய் பிளக்கும். கால் அந்த ஷூவுக்குப் பொருந்தும் நாள் வரும்போது ஷூ இருக்காது. பிள்ளை ஒரு நாள்கூடச் சரியான அளவில் போட்டிருக்காது.

செலவு குறித்த கவலை நியாயமானது. கையில் 1000 ரூபாய் இருந்தால், அதை ஒரு பெரிய ஷூவில் போடுவதைவிட 500 ரூபாயில் ஜூனில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று பிரிப்பது மேல். கறுப்பு சேண்டல் போட்டு வரலாமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். முன்பக்கம் திறந்திருப்பதால் அதில் விரல்கள் நெருக்கப்படுவதில்லை.

பெரிசா இருந்தா முன்னாடி பஞ்சு வெச்சா சரியாயிடாதா? இல்ல உள்ள இன்னொரு சோல்?

பஞ்சு காலியிடத்தை அடைக்கும். ஷூ வளையும் இடத்தை நகர்த்தாது. முந்தைய பதிலில் சொன்ன எல்லாத் தொல்லையும் அப்படியே இருக்கும், கூடவே வியர்வையில் நனைந்த பஞ்சும் இருக்கும். உள்ளே இன்னொரு மெல்லிய சோல் போடுவது அரை நம்பர் தொளதொளப்புக்கு உதவும். தடிமனாகப் போட்டால் குதிகால் மேலே தூக்கப்பட்டு, ஷூவின் பின்சுவர் காலைப் பிடிக்காமல் போய்விடும்.

கட்டை விரலால முன்னாடி அமுக்கிப் பார்த்தேன், இடம் இருக்கே. அது போதாதா?

போதாது. மேலிருந்து அமுக்கியதும் பிள்ளை தன்னையறியாமல் விரலை மடக்கிக்கொள்ளும், உங்களுக்கு இடம் இருப்பதுபோலத் தெரியும். பள்ளி ஷூக்களின் முன்பக்கம் கெட்டியாக இருப்பதால் உள்ளே எது விரல், எது தோல் என்றும் பிரித்தறிய முடியாது. உள்ளே இருக்கும் சோல் கழன்று வருமென்றால் அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குதிகால் விளிம்போடு ஒட்டும்படி பிள்ளையை அதன்மேல் நிற்க வையுங்கள். முன்னால் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கே தெரியும். ஒட்டப்பட்ட சோல் என்றால் அட்டைப் பட்டைதான் வழி.

அவன்கிட்டயே கேட்டேன், டைட்டா இல்லன்னுதான் சொல்றான்.

பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியவில்லை. சிறுபிள்ளையின் பாதத்தில் இன்னும் நிறைய இடங்கள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அதனால் பெரியவர்களுக்கு உயிர் போகும் அளவு இறுக்கமான ஷூவுக்குள்ளும் பிள்ளையின் கால் வளைந்து கொடுத்து உள்ளே போய்விடும். அதோடு, அந்த ஷூவின் சோலில் விளக்கு எரிகிறது என்றால் இறுக்கம் என்ற சொல்லே அவன் வாயில் வராது.

வாயைக் கேட்பதைவிடக் காலைப் பாருங்கள். பள்ளி விட்டு வந்து சாக்ஸைக் கழற்றியதும் விரல் நுனிகளிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ சிவப்பு இருக்கிறதா? விரல்கள் உள்நோக்கி மடிந்திருக்கின்றனவா? பெருவிரல் நகத்தின் ஓரம் புண்ணாகிறதா? வேனில் ஏறியதுமே ஷூவைக் கழற்றிவிடுகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பட்டையை எடுத்து ஷூவுக்குள் வையுங்கள். பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு வேண்டும்தான். முதலில் நீங்கள் அளவு சரியான இரண்டு மூன்றை எடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குள் எது என்று கேளுங்கள்.

13 நம்பர் போட்டிருந்தா, இப்ப கடையில 1-ன்னு சொல்றாங்க. குறைஞ்சுடுச்சா?

குறையவில்லை, கூடியிருக்கிறது. யுகே அளவில் குழந்தைகளின் வரிசை 4 அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி, 13 வரை போய், மறுபடி 1-லிருந்து பெரியவர்கள் வரிசையாகத் தொடர்கிறது. குழந்தை 13 சுமார் 212 மி.மீ., அடுத்த 1 சுமார் 220 மி.மீ. இவை ஷூவைத் தைக்கும் அச்சின் நீளம். பாதம் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 28, 30, 32 என்று எழுதியிருந்தால் அது ஐரோப்பிய அளவு, ஒரு நம்பருக்குச் சுமார் 6.7 மி.மீ.

ஆன்லைனில் வாங்கும்போது நம்பரை மறந்துவிட்டு, சென்டிமீட்டர் பட்டியலைப் பாருங்கள். அதில் இருப்பது பாத நீளமா, ஷூவின் உள்நீளமா என்று கவனியுங்கள். பாத நீளம் என்றால் உங்கள் அளவை அப்படியே பொருத்தலாம், உள்நீளம் என்றால் 12 மி.மீ. கூட்டிப் பொருத்த வேண்டும். வந்ததும் பாய்மேல் நடக்கவிட்டுப் பாருங்கள். சோல் அழுக்கானால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

நீளம் சரியா இருக்கு, ஆனா பக்கத்துல பிடிக்குது. ஒரு நம்பர் ஏத்திடலாமா?

வேண்டாம். அகலத்தைச் சரிசெய்யப் போய் நீளத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். இந்தச் சிக்கல் நம் பிள்ளைகளுக்கு அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தபோது, இந்தியர்களின் பாதம் மேற்கத்தியர் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது. நமக்கென்று தனி அளவுமுறை வகுக்கும் வேலை அதிலிருந்துதான் தொடங்கியது. கடையில் இருப்பவையோ இன்னும் பெரும்பாலும் யுகே, ஐரோப்பிய அச்சுகளில் செய்தவை.

அதே நம்பரில் வேறு வடிவம் தேடுங்கள். முன்பக்கம் கூம்பாக இல்லாமல் உருண்டையாக, விரல்கள் விசிறிபோல விரியும்படி இருக்க வேண்டும். லேஸைக் கட்டியபின் இரு ஓரமும் ஒன்றையொன்று தொட்டால் ஷூ அகலம். நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால் ஒடுக்கம். பெண் பிள்ளைகளுக்கான பெல்ட் ஷூக்கள் பல முன்னால் ஒடுங்கியே வருகின்றன. பாதம் அகலமான பெண்ணுக்குப் பையன்கள் பகுதியில் இருக்கும் சாதாரணக் கறுப்பு ஷூவையும் போட்டுப் பாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அளவு சரி. தரமா இருக்கான்னு எதை வெச்சுப் பாக்கிறது?

மூன்று சோதனை. ஒன்று, முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் வளைய வேண்டும். நட்டநடுவில் வளைந்தாலோ வளையவே இல்லை என்றாலோ வேண்டாம். இரண்டு, ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குங்கள். எளிதில் முறுகக் கூடாது. மூன்று, பின்சுவரைக் கட்டை விரலால் அமுக்குங்கள். அமுங்கிப் படுத்துவிட்டால் குதிகாலைத் தாங்காது. உள்ளே கையை விட்டுத் தடவி, தையல் முடிச்சோ பசை உருண்டையோ தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

லேஸ் நல்லதா, ஒட்டுறது நல்லதா?

கட்டத் தெரியாத வயதில் ஒட்டும் பட்டைதான் நல்லது. பாதியில் அவிழும் லேஸ், லேஸே இல்லாததைவிட மோசம். எதுவானாலும் போடும் முறை ஒன்றுதான்: சாக்ஸின் முனையைச் சற்று இழுத்து விரல்களுக்கு இடம் கொடுங்கள், காலை நுழைத்துக் குதிகாலைத் தரையில் இரண்டு தடவை தட்டிப் பின்னால் ஒட்ட வையுங்கள், அதற்குப் பிறகு இறுக்குங்கள். கழற்றும்போது லேஸை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்துக் கழற்றும் பழக்கம் ஒரே மாதத்தில் பின்சுவரை உடைத்துவிடும்.

சாக்ஸையும் பாருங்கள். துவைத்துத் துவைத்துச் சுருங்கிய சாக்ஸ், ஷூ சரியாக இருந்தும் விரல்களை மடக்கும்.

புது ஷூ கடிக்குது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

அசல் தோல் என்றால் உள்விளிம்பில் ஒரு துளி தடவ இளகும். பள்ளி ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கைத் தோல்; அவற்றில் எண்ணெய் ஊறாது, சாக்ஸில் கறையாகும். முதல் வாரம் வீட்டில் தினம் அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம், மேலே பிளாஸ்திரி ஒட்டி விடுங்கள். ஒரு வாரம் தாண்டியும் குதிகாலில் கடித்தால், ஷூ பெரிதாகி ஏறி இறங்குகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். இறுக்கமான ஷூ விரலைக் கடிக்கும், தொளதொள ஷூ குதிகாலைக் கடிக்கும்.

குழந்தை இப்பதான் நடக்குது. ஷூ போட்டா சீக்கிரம் நல்லா நடக்குமா?

இல்லை. தரையை விரலால் பற்றிப் பற்றித்தான் குழந்தை சமநிலையைப் பழகுகிறது. வீட்டுக்குள் வெறுங்கால்தான் சிறந்தது. தானாக உறுதியாக நடந்து, வெளியே தெருவில் இறங்கும் காலத்தில் மெல்லிய, நன்றாக வளையும் காலணி போதும். தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயது வரை உள்ள 2300 பிள்ளைகளின் பாத அச்சுகளைப் பார்த்து 1992-இல் வெளியான ஆய்வில், காலணி போடுபவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலுடன் இருந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் காணப்பட்டது. முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம் அது இன்னும் அதிகம்.

இதைப் படித்துவிட்டு மண்ணிலும் வெறுங்காலோடு விட வேண்டாம். கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாகவே உடலுக்குள் புகுகிறது. தோட்டம், வயல், கழிப்பறை எங்கும் செருப்பு வேண்டும்.

அப்ப என் பொண்ணுக்குப் பாதம் தட்டையா இருக்கு. உள்ள மேடு வெச்ச ஷூ வாங்கணுமா?

ஆறு வயதுக்குள் என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை; அந்த வயதில் கொழுப்புத் திண்டு வளைவை மறைத்திருக்கும், தசைநார்களும் தளர்வாக இருக்கும். அவளை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது உள்பக்கம் வளைவு தோன்றினால் பாதம் இளக்கமானது, வலியும் இல்லையென்றால் சாதாரண ஷூவே போதும். மேடு வைத்த சோல் வளைவை உருவாக்கித் தராது. நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாவிட்டால், வலித்தால், அல்லது ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டால் நடை நேராகும் என்று சிலர் சொல்வது வழக்கம். அது விரல்களை நெருக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

அண்ணன் ஷூ புதுசு மாதிரியே இருக்கு. தம்பிக்குப் போடலாமா?

சில தடவை மட்டும் போட்டதென்றால் தாராளமாக. தினமும் போட்டதென்றால் உள்ளே பாருங்கள்: அண்ணனின் பெருவிரலும் குதிகாலும் பதிந்த பள்ளம் இருக்கும். தம்பியின் கால் அந்தப் பள்ளத்துக்கு ஏற்றபடி மிதிக்கத் தொடங்கும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்; ஒரு பக்கம் சாய்ந்தாலோ குதிகால் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ வேண்டாம். நீளத்தை வழக்கம்போலப் பட்டையால் சோதியுங்கள்.

பெட்டியில் இரண்டு மூன்று வருடம் வைத்திருந்த ஷூ என்றால் ஓர் எச்சரிக்கை. பியூ எனப்படும் லேசான பாலியூரித்தேன் சோல், காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும். வெளியே பளபளவென்று இருந்துவிட்டு, போட்ட முதல் நாளே பிட்டுப் பிட்டாக உதிரும். நம் கடலோர ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது.

மழையில வெள்ளை கேன்வாஸ் நனைஞ்சுடுச்சு, நாளைக்கே பி.டி. பீரியட். அடுப்புப் பக்கத்துல வைக்கலாமா?

வைத்தால் சோல் பசை விட்டுவிடும், துணி சுருங்கி அளவும் குறையும். உள்சோலை எடுத்துத் தனியே காயப் போடுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதிது திணித்து, இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வையுங்கள். துவைத்திருந்தால் சோப்பு முழுதாகப் போகும்வரை அலசுங்கள், மிச்சம் தங்கினால் காயும்போது மஞ்சள் பூக்கும். வெள்ளைப் பாலிஷை நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும்.

ஒரு கால் பெரிசு, ஒரு கால் சிறிசு. எதுக்கு வாங்கிறது?

எப்போதும் பெரியதற்கு. மூன்று நான்கு மி.மீ. வித்தியாசம் பலருக்கும் உண்டு. சிறிய காலுக்கு மெல்லிய உள்சோல் ஒன்றைப் போட்டு லேஸைச் சற்று இறுக்கினால் போதும். வித்தியாசம் ஒரு நம்பரைத் தாண்டினாலோ, அளக்க அளக்கக் கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்கூல்லயே ஷூ தர்றாங்க, வகுப்பைப் பார்த்து சைஸ் போட்டுடறாங்க. என்ன பண்றது?

ஒரே வகுப்பில் மூன்று நான்கு நம்பர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அரசுப் பள்ளியின் விலையில்லா காலணியானாலும் தனியார் பள்ளி விற்பதானாலும், அளவு கேட்கும் நேரத்தில் மில்லிமீட்டரில் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். அளவு எடுத்த நாளுக்கும் ஷூ கைக்கு வரும் நாளுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடலாம். அதற்கும் சேர்த்து, மாதத்துக்கு ஒரு மி.மீ. கூட்டி எழுதுங்கள். சேராமல் வந்தால், உறையைக் கிழிக்காமல், லேஸ் கோக்காமல் அன்றே திருப்பிக் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால், வேறு பிள்ளைக்குச் சேராமல் போனதோடு மாற்றிக்கொள்ளவும் வழி பிறக்கும்.

ஷூ அளவு எல்லாம் சரி. ஆனாலும் பத்து வயசுப் பையன் விளையாடிட்டு வந்தா குதிகால் வலின்னு அழறான்.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் ஓட்டம், கால்பந்து, கபடி என்று ஆடும் பிள்ளைகளுக்கு வரும் வலி இது. குதிகால் எலும்பின் பின்முனையில் இன்னும் மூடாத வளர்ச்சிக் குருத்து இருக்கிறது. கெண்டைக்கால் தசை அதை இழுத்து இழுத்து நோகச் செய்கிறது. குதிகாலின் இரு பக்கத்தையும் விரல்களால் அமுக்கினால் வலிக்கும். தட்டையான, மெத்தென்ற அடி இல்லாத கேன்வாஸில் ஆடுவது வலியைக் கூட்டும். குதிகாலில் திண்டு வைத்த விளையாட்டு ஷூவுக்கு மாற்றி, சில வாரம் ஆட்டத்தைக் குறைத்து, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் தணியும். பிள்ளை நொண்டினாலோ, வீங்கினாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கலைத்தாலோ, ஷூவை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். தினமும் போடும் ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள். சோல் தேய்ந்திருக்கும் விதம் அவருக்குப் பயன்படும்.